களத்துமேட்டில் டீசல்: டிராக்டருக்கு வீட்டிலேயே எரிபொருள் நிரப்பும் முறைகள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாட்களில் டெல்டாவில் ஒரு டிராக்டர்கூடச் சும்மா நிற்காது. சேற்றுழவு, பரம்படிப்பு என்று எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். எல்லா வண்டிக்கும் டீசல் வேண்டும். பங்க் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர முக்கால் மணி நேரமாவது ஆகும். போக வர எரியும் டீசல் இரண்டு மூன்று லிட்டர். அதற்கு மேல் ஒரு சங்கடம்: கேஜ்வீல் மாட்டிய வண்டியைத் தார்ச்சாலையில் ஏற்ற முடியாது. டீசல் போட வேண்டும் என்பதற்காகவே அதைக் கழற்றி, திரும்பி வந்து மறுபடி மாட்ட வேண்டும். அரை நாள் போய்விடும்.

அதனால்தான் வீட்டில் ஒரு பேரல் டீசல் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பழக்கம் நல்லதுதான். ஆனால் பங்க்கில் போடும்போது நாம் யோசிக்காத ஒரு வேலை வீட்டில் நம் தலையில் விழுகிறது. பங்க்கில் டீசல் மூடிய தொட்டியிலிருந்து மூடிய குழாய் வழியாக, வடிகட்டி தாண்டி டேங்குக்கு வருகிறது. வீட்டில் அது கேனிலிருந்து பேரலுக்கு, பேரலிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து புனலுக்கு என்று மூன்று நான்கு கை மாறுகிறது. ஒவ்வொரு கை மாறலிலும் கொஞ்சம் தூசி, கொஞ்சம் தண்ணீர். டிராக்டரின் டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுப்பவை இந்த இரண்டும்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லா முறைகளையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: டீசல் எத்தனை முறை திறந்த காற்றைப் பார்க்கிறது? குறைவாகப் பார்க்கும் முறையே நல்ல முறை, அது கொஞ்சம் செலவு வைத்தாலும்.

எவ்வளவு வைக்கலாம்

முதலில் சட்டம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் டீசலை 'பி' வகுப்பில் வைக்கிறது. சொந்தப் பயனுக்காக ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். எந்த ஒரு கொள்கலனும் 1,000 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டிராக்டர், இரண்டு டிராக்டர் வைத்திருப்பவர் இந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகமாட்டார். ஆனால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட்டி ஊற்றிக்கொடுத்தால் அது வியாபாரம். டீசல் விற்கத் தனி அனுமதி வேண்டும்.

பெட்ரோல் கதை வேறு. களைவெட்டி, மருந்தடிக்கும் எந்திரம் இவற்றுக்காகப் பெட்ரோல் வாங்கி வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது 'ஏ' வகுப்பு. உரிமமில்லாமல் 30 லிட்டர்தான் வைக்கலாம். அதுவும் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில், ஒரு பாத்திரத்துக்கு 25 லிட்டருக்கு மேல் போகாமல். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமென்றால் ஒரு லிட்டர்தான். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லவே இல்லை. திண்ணை மூலையில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

சட்டம் 2,500 லிட்டர் அனுமதிக்கிறது என்பதற்காக அவ்வளவு வாங்கி அடுக்க வேண்டியதில்லை. 45 குதிரைத்திறன் வண்டி ரோட்டாவேட்டர் ஓட்டும்போது மணிக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குடிக்கும்; மண்ணும் ஆழமும் பொறுத்துக் கூடும், குறையும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 50 லிட்டர். 200 லிட்டர் பேரல் ஒன்று நெருக்கடியான நான்கு நாளைத் தாண்டிவிடும். ஒரு வண்டிக்கு ஒரு பேரல், அதற்குமேல் வேண்டாம் என்பது என் கணக்கு. நம் ஊர் வெயிலில் டீசலை மூன்று மாதத்துக்குமேல் தேக்கி வைப்பதும் நல்லதல்ல. பழசானால் நிறம் கறுக்கும், பிசின் போல் படியும், பில்டர் அடைக்கும். அறுவடை முடிந்து வண்டி நிற்கப்போகிறதென்றால் பேரலைக் காலி செய்துவிட்டு நிறுத்துவதே சரி.

பங்க்கிலிருந்து வீட்டுக்கு

கேனில் டீசல் கேட்டால் சில பங்க்குகளில் தருவார்கள், சில இடங்களில் கையை விரிப்பார்கள். குறிப்பாகச் சமையல் எண்ணெய் வந்த பழைய 35 லிட்டர் கேனையும் தண்ணீர் கேனையும் நீட்டினால் மறுப்பது அவர்கள் தரப்பில் நியாயம். வழக்கமாக ஒரே பங்க்கில் வாங்குங்கள், விவசாய வேலைக்கென்று சொல்லுங்கள், நல்ல இரும்புக் கேன் கொண்டு போங்கள், பில் வாங்குங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் அது இருந்தாக வேண்டும். கூச்சப்பட வேண்டாம்.

பங்க்கில் கேனை நிரப்பும்போது அதை வண்டியின் தட்டிலோ டிரெய்லரிலோ வைத்தபடி நிரப்பாதீர்கள். இறக்கித் தரையில் வையுங்கள். டீசல் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். தரையில் இருக்கும் உலோகக் கேனில் அது மண்ணுக்கு இறங்கிவிடும், பிளாஸ்டிக் கேனில் தங்கும். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் விற்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். கந்தகம் எடுக்கச் சுத்திகரிக்கும்போது மின்சாரத்தைக் கடத்தும் தன்மையும் குறைகிறது, ஆகவே இந்தக் கவனம் முன்பைவிட இப்போது அதிகம் தேவை. பெட்ரோல் இருந்த கேனில் டீசல் பிடிக்கவே கூடாது. உள்ளே மிஞ்சிய பெட்ரோல் ஆவி, டீசலைப் பெட்ரோல் போலப் பற்ற வைத்துவிடும். கேனில் பெயிண்டால் பெரிதாக 'டீசல்' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் போகும்.

கேனின் எடையையும் யோசியுங்கள். 20 லிட்டர் டீசல் 17 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 35 லிட்டர் கேன் முப்பது கிலோவை நெருங்கும். கீழே தூக்கும்போது தெரியாது. டிராக்டர் பானெட் உயரத்துக்கு, ஒரு காலை முன் சக்கரத்திலும் இன்னொரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு தூக்கிச் சாய்க்கும்போதுதான் தெரியும். கேன் முறையைத்தான் பின்பற்றப் போகிறீர்கள் என்றால் பத்து லிட்டர் கேன்களாக வாங்குங்கள். இரண்டு தடவை கூட நடக்கலாம், இடுப்பு தப்பிக்கும்.

இப்போது சில ஊர்களில் டீசலை வண்டியிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். இந்தியன் ஆயில் 2018-ல் புனேயில் இதைத் தொடங்கியது. சின்ன டேங்கர் லாரி, அதிலேயே மீட்டரும் துப்பாக்கிக் குழாயும் இருக்கும். ஜெனரேட்டரும் கட்டுமான எந்திரங்களும் வைத்திருப்பவர்களை நம்பித்தான் இந்தத் தொழில் பெரும்பாலும் ஓடுகிறது. ஒரு விவசாயி கேட்கும் நூறு லிட்டருக்காக வண்டி எடுத்துவர அவர்களுக்குக் கட்டாது. தெருவில் நான்கைந்து டிராக்டர்க்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் வாய்ப்பு உண்டு. வந்தால், மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழாயைத் திறக்கவிடுங்கள். டீசல் திறந்த காற்றை மிகக் குறைவாகப் பார்ப்பது இந்த முறையில்தான்.

பேரல்

இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டு டீசலில் வரும் கோளாறில் பெரும்பங்கு பேரலிலிருந்தே தொடங்குகிறது.

பழைய பேரல் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். டீசலோ இன்ஜின் ஆயிலோ இருந்ததென்றால் சரி. பூச்சிமருந்து, அமிலம், தின்னர் இருந்த பேரலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய பேரலை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்க் குழாய் வைக்கச் சொல்வது இன்னொரு ஆபத்து: காலிப் பேரலில் தங்கிய ஆவி, வெல்டிங் பொறியில் வெடித்து ஆள் போன கதை எல்லாத் தாலுகாவிலும் ஒன்று இருக்கும். பேரலுக்கு ஏற்கெனவே இரண்டு துளை உண்டு. பெரியது இரண்டு அங்குலம், சின்னது முக்கால் அங்குலம். அந்தத் திருகுமரையிலேயே மாட்டும்படி குழாயும் பம்பும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கின்றன. வெல்டிங்கே தேவையில்லை.

உள்ளே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டேங்க் வேண்டாம். தண்ணீருக்கு அது நல்லது, டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு கசடை உண்டாக்கும். அது நேராகப் பில்டரில் போய் உட்காரும். ஜி.ஐ. குழாயும் அப்படித்தான். பூச்சில்லாத சாதா இரும்பு போதும். கனமான கறுப்பு எச்.டி.பி.இ. டிரம்மும் டீசலைத் தாங்கும். ஆனால் வெள்ளை, வெளிர்நீல பிளாஸ்டிக்கில் வெளிச்சம் ஊடுருவி டீசல் சீக்கிரம் கெடும்.

அடுத்தது, பேரலை எப்படி நிறுத்துவது. எல்லோரும் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடியை இறுக்கிவிட்டுப் போகிறார்கள். பேரலின் மேல்தட்டு, விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். மழை பெய்தால் அங்கே ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகும்; மரைமேல் நிற்கும் தண்ணீரைப் பேரல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். 'மூடியேதான் இருந்தது, தண்ணி எப்படிப் போச்சு?' என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

ஆகவே பேரலைப் படுக்கப் போடுங்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில், உருளாமல் இருக்க இரண்டு மரக்கட்டைமேல். இரண்டு துளைகளும் கிடைமட்டமாக, கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதும் போல எதிரெதிரே வரும்படி திருப்புங்கள். அப்போது நிறைந்த பேரலில் இரண்டு மூடிகளும் உள்பக்கம் டீசலில் மூழ்கியிருக்கும், காற்றுப் புக வழியில்லை. செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும், கைப்பம்ப் மாட்டியிருக்கிறது என்றால், அடியில் ஒரு பக்கம் இரண்டங்குலக் கட்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள். சாய்வின் மேட்டுப்பக்கம் துளையும் பம்பின் உறிஞ்சுகுழாயும் இருக்கட்டும். தண்ணீரும் கசடும் பள்ளத்துப் பக்கம் சேரும், பம்ப் அதைத் தொடாது.

வெயிலுக்கு மறைவாக, மேலே ஒரு தகரமோ ஓடோ இருக்க வேண்டும். விறகடுப்பு, வைக்கோல்போர், மாட்டுக்கொட்டகை, மின்மோட்டார்ப் பெட்டி இவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். கிணற்றடியும் வேண்டாம்; ஒரு கசிவு போதும், கிணற்றுத் தண்ணீரில் பல மாதத்துக்கு வாசனை நிற்கும். பேரலை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. இருபது டிகிரி சூடு ஏறினால் 200 லிட்டர் டீசல் மூன்று லிட்டருக்கு மேல் விரியும். அதற்கு இடம் விட வேண்டும்.

புதிதாக ஊற்றிய டீசலை உடனே எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி அசையாமல் தூங்கவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், தானே அடியில் போய்ச் சேரும். உறிஞ்சுகுழாயின் முனை அடித்தட்டிலிருந்து ஐந்து செ.மீ. மேலே நிற்க வேண்டும். செங்குத்தான பேரலில் ஒரு செ.மீ. உயரம் இரண்டரை லிட்டர். ஆக அடியில் பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர் எப்போதும் மிச்சம் நிற்கும். அது வீணில்லை. மாதம் ஒருமுறை அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இறக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் டீசலை எடுத்துக்கொள்ளலாம்.

பேரலிலிருந்து டேங்குக்கு

வாயால் உறிஞ்சும் முறையை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஒரு ரப்பர் குழாய், ஒரு இழுப்பு, டீசல் வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு மடக்கு தப்பி நுரையீரலில் இறங்கினால் நிமோனியா மாதிரி நோய் வந்து ஆளைச் சாய்க்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைப்பதும் தவறு, எடுக்கும்போதுதான் மறுபடி மூச்சுக்குழாயில் போகும். எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். குழாய் வழியாகவே எடுக்க ஆசையென்றால், முனையில் குண்டு வால்வு வைத்த குலுக்குக் குழாய் விற்கிறது. டீசலுக்குள் விட்டு மேலும் கீழும் நாலு தடவை ஆட்டினால் தானே ஓடத் தொடங்கும். ஆனால் பேரல் டேங்கைவிட உயரத்தில் இருந்தால்தான் இது ஓடும்.

அந்த உயரத்துக்காகவே சிலர் ஆறடி ஸ்டாண்டு அடித்து அதன்மேல் பேரலை ஏற்றுகிறார்கள். திருகினால் கொட்டும், பம்பே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். நிறைந்த பேரல் தன் எடையோடு சேர்த்து 185 கிலோவுக்குக் குறையாது. அதை ஆறடிக்கு ஏற்றுவது யார்? காலிப் பேரலை மேலே வைத்துவிட்டு நிரப்பலாம் என்றால் அதற்கும் ஒரு பம்ப் வேண்டும். அந்தப் பம்பையே டேங்குக்குப் போடலாமே! கான்கிரீட் அடித்தளமும் ஆங்கிள் இரும்பும் போட்டு நன்றாகக் கட்டிய ஸ்டாண்டு இருந்தால் தவறில்லை. மரக்கட்டையில் கட்டியதை நான் நம்பமாட்டேன்.

என் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியானது கையால் சுற்றும் பேரல் பம்ப். இரண்டு அங்குல மரையில் நேராக மாட்டலாம். ஒரு சுற்றுக்குக் கால் லிட்டர் அளவில் தள்ளும். 50 லிட்டர் டேங்கை நிரப்ப இருநூறு சுற்று, பொறுமையாகச் சுற்றினாலும் ஐந்தாறு நிமிடம். மின்சாரம் வேண்டாம், பொறி பறக்காது, பேரலும் திறந்து கிடக்காது. வாங்கும்போது கைப்பிடி சுற்றும் அச்சில் சீல் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுச் சரக்கில் முதலில் ஒழுகுவது அங்கேதான். கூடவே வரும் வெளியேற்றுக் குழாய் பெரும்பாலும் தோட்டத்துப் பைப் ரகம். அது டீசலில் விறைத்து வெடிக்கும். நைட்ரைல் ரப்பர் குழாய் என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வண்டி இருந்தால் 12 வோல்ட் பம்ப் மதிப்புள்ளது. நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் ரகம் எங்கும் கிடைக்கிறது. டிராக்டர் பேட்டரியிலேயே ஓடும். டீசலுக்கென்று செய்த பம்பாக இருக்க வேண்டும், தண்ணீர்ப் பம்ப் ஆகாது. ஃபியூஸ் கட்டாயம். கிளிப்பைப் பேட்டரியில் மாட்டுவது முதல் வேலை, பேரல் மூடியையும் டேங்க் மூடியையும் திறப்பது அதற்குப் பிறகு. கழற்றும்போது தலைகீழாக, மூடிகளை மூடிய பிறகே கிளிப்பை எடுங்கள். பம்பின் சுவிட்சை வைத்தே நிறுத்துங்கள். கிளிப்பைப் பிடுங்கி நிறுத்தினால் பொறி பறக்கும். பம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று மாட்டினால் பங்க்கின் சுத்தம் வீட்டுக்கு வந்துவிடும். 2023 ஜனவரிக்குப் பிறகு 50 குதிரைத்திறனுக்கு மேல் வந்த வண்டிகள் புதிய புகை விதிக்கு உட்பட்டவை, பெரும்பாலும் காமன்ரெயில் ரகம். அவற்றின் இன்ஜெக்டர் கண்ணுக்குத் தெரியாத தூசியையும் தாங்காது. அந்த வண்டி வைத்திருப்பவர் இந்த வடிகட்டிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஊற்றும் நேரம்

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஊற்றுவதுதான் பலருக்கும் வழக்கம். மாற்றிக்கொள்ளுங்கள், மாலையில் வேலை முடிந்ததும் ஊற்றுங்கள். பாதி காலியான டேங்கில் ராத்திரி முழுக்க ஈரக்காற்று இருக்கும். விடியற்காலைக் குளிரில் அது உள்சுவரில் வியர்த்து டீசலில் சொட்டும். நிறைந்த டேங்கில் அதற்கு இடமில்லை. மார்கழிப் பனியில் இதை அலட்சியம் செய்தவர் தையில் பில்டர் மாற்றுவார்.

ஆனால் வேலை முடிந்த சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பலவற்றுக்கு டேங்க் பானெட்டுக்குள்ளேயே இருக்கும். சிந்தினால் வழிவது சூடான சைலன்சர்மேல். என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். கை கால் கழுவி டீ குடிக்கும் நேரம்தான். பீடி வேண்டாம்.

மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணைத் துடையுங்கள். கதிரடித்த நாளில் அங்கே ஒரு கைப்பிடி உமித்தூசி உட்கார்ந்திருக்கும். திறந்ததும் அத்தனையும் உள்ளே. துடைக்கப் பழைய வேட்டித்துணி போதும். ஆனால் அதே துணியைப் புனலில் போட்டு வடிகட்டுகிறார்களே, அது கூடாது. பருத்தித் துணியிலிருந்து நூல்பிசிறு உதிர்ந்து பில்டரில் பஞ்சு மாதிரி அடைக்கும். எவர்சில்வர் வலை வைத்த புனல் வாங்குங்கள். தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும் வலைப் புனலும் கிடைக்கிறது; கொஞ்சம் மெதுவாக இறங்கும், பரவாயில்லை.

டேங்க் வாயில் கம்பெனியே ஒரு சல்லடை வைத்திருக்கும். டீசல் நுரைத்து மெதுவாக இறங்குகிறது என்று சில டிரைவர்கள் அதை ஸ்குரூடிரைவரால் குத்திக் கிழித்துவிடுவார்கள். பழைய வண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. கிழிந்திருந்தால் அந்த வண்டியின் டேங்க் அடியில் மண்ணும், உடைந்த பாக்கு மட்டையும், சில சமயம் ஒரு தீக்குச்சியும்கூடக் கிடைக்கும். மூடியையும் கவனியுங்கள். தொலைந்துபோன மூடிக்குப் பதில் பாலிதீன் கவரைப் போட்டு டியூப் ரப்பரால் கட்டியிருப்பார்கள். அசல் மூடியில் காற்றுப் போய்வர ஒரு நுண்துளை உண்டு. கவர் இறுகினால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வண்டி இழுக்காமல் திணறும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டி சரியாகிவிடும். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நாற்று நடும் நாளில் வண்டி நிற்கிறது.

கழுத்துவரை ஊற்றாமல் இரண்டு அங்குலம் விடுங்கள். மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றி ஒரே வாக்கியம்: நீல ரேஷன் மண்ணெண்ணெயைக் கலப்பது சட்டப்படி குற்றம், டீசலின் வழவழப்பை நம்பி ஓடும் பம்பும் தேய்ந்து போகும்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க

வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நல்ல டீசல் பளிச்சென்று தெளிவாக இருக்கும், பின்னால் வைத்த நாளிதழின் எழுத்து தெரியும். கலங்கலாக, மோர்த்தண்ணீர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் துளி நின்றால் சந்தேகமே வேண்டாம். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் தெரிந்தால் கிருமி வளர்ந்துவிட்டது. தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் அது வளரும். அந்தப் பேரலைக் காலி செய்து, சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். பங்க்கில் அளவுகோலில் தடவும் தண்ணீர் காட்டும் பசையைக் கடையில் வாங்கி ஒரு குச்சியில் தடவிப் பேரலுக்குள் விட்டாலும் தெரியும்: தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். வண்டியில் செடிமென்ட் பவுல் இருந்தால் வாரம் ஒருமுறை திறந்து வடித்துவிடுங்கள்.

வற்றி நின்றுவிட்டால்

வீட்டில் டீசல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வண்டி நடுவயலில் வற்றி நிற்கும். ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகாது. 'ஏர் பிடிச்சுக்கிச்சு' என்பார்கள். ஊற்றிய பிறகு பில்டர்மேல் இருக்கும் ஏர் ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, பக்கத்தில் இருக்கும் கைப்பம்பைக் குத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். அப்போது இறுக்குங்கள். டீசல் பம்பில் இருக்கும் ஸ்குரூவிலும் இதேபோல. அதற்கும் மசியவில்லையென்றால்தான் இன்ஜெக்டர் நட். அதைத் தளர்த்தும்போது முன்னால் கையை வைக்காதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. காமன்ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பைத் தொடவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சிந்தினால், பற்றினால்

பேரல் பக்கத்தில் ஒரு வாளி மணலும், ஒரு மூட்டை உமியும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும். சிந்திய டீசல்மேல் உமியைக் கொட்டிக் கூட்டி அள்ளலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வாய்க்காலுக்குத்தான் போகும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் டீசல் தண்ணீர்மேல் மிதந்து அடுத்த கொட்டகைக்குப் போகும். டீசல் நனைந்த சட்டையோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பம்பின் கைப்பிடியில் ஒரு பூட்டுப் போடுங்கள்.

கணக்கு

பங்க்கில் போட்டால் பில் கணக்கு சொல்லும். வீட்டில் பேரல் எதுவும் சொல்லாது. 'நேத்துதானே அண்ணே நிரப்பினோம்' என்று டிரைவர் சொல்வார், பேரல் பாதியாக இருக்கும். இதில் யாரையும் சந்தேகப்படும் முன் ஒரு அளவுக்குச்சி செய்துகொள்ளுங்கள். காலிப் பேரலில் பத்துப் பத்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியில் நனைந்த இடத்தில் கோடு கீறுங்கள். பிறகு சுவரில் ஒரு நோட்டு தொங்கவிட்டு ஒவ்வொரு தடவையும் மூன்றே எண்களை எழுதச் சொல்லுங்கள்: தேதி, எடுத்த லிட்டர், வண்டியின் மணி மீட்டர். ஒரு மாதம் ஓடினால் உங்கள் வண்டி உழவில் மணிக்கு எவ்வளவு, டிரெய்லரில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண் திடீரென்று கூடினால் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் டிரைவரிடம் பேசலாம்.